ஓய்வு நாள் பிறந்த வரலாறு

நம் சங்கத்தின் நாடக ஒத்திகையும், சிறுவர்க்கான தமிழ் வகுப்பும், பொங்கல் விருந்தும், இவ்வாண்டு விழாவும் ஞாயிற்றுக்கிழமையை நம்பியே நடைபெறுகின்றன. வெயிலும் மழையும் போல இவ்விடுமுறையும் இயல்பாக வந்தமைந்தது என்று நம்மில் பலர் கருதியிருத்தல் கூடும். அஃது அவ்வாறன்று. உழைத்துக் களைத்த மக்கள் கேட்டுப் பெற்றது அது. அதன் வேர்களுள் ஒன்று நாம் வாழும் இப்புணே நகரிலும், மற்றொன்று நம் சென்னைப் பெரம்பூரிலும் ஊன்றியிருத்தலை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பும் உவகையும் உண்டாகின்றன.

1873ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மகாத்மா ஜோதிராவ் புலே புணேயில் ‘சத்திய சோதக சமாஜம்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அவ்வியக்கத்தில் வளர்ந்தவர் நாராயண மேகாஜி லோகாண்டே. அந்நாளில் பம்பாய்ப் பஞ்சாலைகள் கதிரவன் தோன்றும் வேளை முதல் மறையும் வேளை வரை ஓடின. வாரம் ஒருநாள் ஓய்வு என்பது தொழிலாளர் அறியாத ஒன்று. 1884இல் லோகாண்டே தொழிலாளரைக் கூட்டினார். வாரந்தோறும் ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரைமணி ஓய்வு, குறித்த நாளில் கூலி ஆகியவற்றைக் கோரிய விண்ணப்பத்தில் 5,500 பேர் ஒப்பமிட்டனர். ஆறாண்டுகள் கழிந்தன. 1890 ஏப்பிரலில் ஏறக்குறைய 10,000 பேர் திரண்ட கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டே வார ஓய்வு சட்டத்திலும் இடம்பெற்றது.

இனித் தமிழகத்தை நோக்குவோம். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் படும் துன்பங் கண்டு செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் வருந்தினர். அவர்கள் பி. பி. வாடியாவை அழைத்து வந்தனர், திரு. வி. கலியாணசுந்தரனாரும் துணை நின்றார். 1918 ஏப்பிரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பம்பாய்ப் பகுதியிலிருந்து சென்ற பார்சியொருவர் தமிழ்த் தொழிலாளரின் தலைவராயினார் என்பது, தமிழகம் விட்டு மராத்திய நாட்டில் வாழும் நமக்கு நினைவுகூரத் தக்க செய்தியாகும். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தின விழாவைக் கொண்டாடினார். இந்திய மண்ணில் நடந்த முதல் மே தினம் அதுவேயாம்.

இவற்றின் பயனாகச் சட்டமும் சிறிது சிறிதாக மாறியது. 1911இல் பஞ்சாலை ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என வரம்பு கட்டினர். 1922இல் வாரத்துக்கு 60 மணி நேரம் எனவும், 1934இல் 54 எனவும் அது குறைந்தது. டாக்டர் அம்பேத்கர் தொழில்துறை உறுப்பினராக இருந்த காலத்தில் 48 மணி நேரத்துக்கான மசோதா கொண்டுவரப்பெற்று 1946இல் நிறைவேறியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதனை நிலைநிறுத்தியது.

அந்த 48 மணி நேரத்தின் நிழலில் வளர்ந்தவர்கள் நம் காலனியின் மூத்தோர். 1869இல் தோன்றிய கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் சங்கு பற்றி அவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். காலையில் ஊதிய சங்கு மனிதரை உள்ளே அழைத்தது. மாலையில் ஊதிய சங்கு அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. சைக்கிள்கள் வரிசையாகத் திரும்பும் ஓசை கேட்டு இல்லத்தரசியர் காப்பிக்குத் தண்ணீர் வைத்தனர். சம்பளம் சிறிது, ஆயினும் மாலை நேரம் தம்முடையது. அந்த மாலைகளில்தாம் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கற்றனர்.

நிற்க. பிற்காலத்தில் புணேயின் தொழில் வேறொரு வடிவங் கொண்டது. 1981 ஜூலையில் ஏழு பொறியியலர் இந்நகரில் இன்போசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1983இல் அது பெங்களூருக்குப் பெயர்ந்தது. 1988இல் அமைந்த சி-டாக் நிறுவனம் 1991இல் ‘பரம் 8000’ என்னும் மீத்திறன் கணிப்பொறியை உருவாக்கியது. பின்னர் ஹிஞ்சவடியில் பெருநிறுவனங்கள் வளர, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தும் இளைஞரும் மகளிரும் வந்து குடியேறினர். இத்தொழில் நம் குடும்பங்கட்குச் செய்த நன்மை பெரிது. முதற் பட்டம் பெற்ற பெண் தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்ததையும், பெற்றோர்க்கு வீடு கட்டித் தந்ததையும் நாம் கண்டு மகிழ்ந்திருக்கிறோம்.

ஆயினும் இப்புதிய ஆலைக்குச் சங்கு இல்லை. நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்பொழுது நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அவர்தம் வேலை நாள் தொடங்கும் வேளை நம் குழந்தைகள் உணவுக்கு அமரும் வேளையாகிறது. மடிக்கணினி வீட்டுக்குள் வந்தபின் வேலையும் உடன் வந்துவிட்டது. ஒரு கையில் கரண்டியும் காதில் ஒலிக்கருவியுமாக நிற்கும் தாய்மாரையும், ஒத்திகையின் நடுவே தொலைபேசி ஒலிக்க வெளியேறும் அன்பரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். மகளிர்க்கோ அலுவலகம் முடிந்தபின் அடுக்களை என்னும் இரண்டாம் பணி காத்திருக்கிறது.

2023 அக்டோபரில், இன்போசிஸ் நிறுவனருள் ஒருவரான நாராயண மூர்த்தி, நாட்டின் உயர்வுக்காக இளைஞர் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். போருக்குப்பின் செர்மனியும் சப்பானும் நிமிர்ந்ததை எடுத்துக்காட்டினார். நாட்டின்மீது அவர் கொண்ட பற்றை நாம் ஐயுறவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஆறு நாளுக்குப் பகுத்தால் 70 மணி நேரம் நாளொன்றுக்கு 11 மணி 40 நிமிடமாகிறது. போக்குவரவுக்கு 2 மணியும் உறக்கத்துக்கு 8 மணியும் கழித்தால் எஞ்சுவது 2 மணி 20 நிமிடமே. குளிப்பதும் உண்பதும் குழந்தையைக் கொஞ்சுவதும் அதற்குள் அடங்க வேண்டும். 1922ஆம் ஆண்டின் அயலார் ஆட்சிச் சட்டமே 60 மணிக்குமேல் கூடாதென்றது. 70 என்பது நம்மை 1911ஆம் ஆண்டுக்கு அருகே கொண்டு சேர்ப்பதன்றோ? தாம் தோற்றுவித்த நிறுவனத்துக்கு ஒருவர் இரவும் பகலும் உழைப்பது வேறு. மாதச் சம்பளத்துக்கு உழைப்பவரிடம் அதனை எதிர்பார்ப்பது வேறு. மகாராட்டிரத்தின் 2017ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டமும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையே வரம்பாகக் கொண்டது.

ஓய்வு என்பது சோம்பல் அன்று. மொழியும் கலையும் உறவும் ஓய்வில்தாம் வளர்கின்றன. தமிழ் பேசாத ஊரில் தமிழ் நிலைக்கும் இடம் இரவு உணவு வேளையே. அவ்வேளை போய்விடின், எத்துணைப் பெரிய விழா எடுத்தும் பயனில்லை. உண்மையில் நம் சங்கமே ஞாயிறு விடுமுறை ஈன்ற குழந்தையன்றோ!

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. இரவு உணவின்போது ஒரு மணி நேரம் தொலைபேசியைத் தொடாதிருப்போம். அடுக்களைப் பணியை ஆடவரும் பகிர்ந்துகொள்வோம். நம்மில் மேலாளராக இருப்போர், தமக்குக் கீழ்ப் பணிபுரிவோரை ஞாயிற்றுக்கிழமையில் அழையாதிருக்கட்டும். ஹிஞ்சவடி விடுதிகளில் தனித்து வாழும் நம் பிள்ளைகளைத் திங்களுக்கொருமுறை வீட்டுக்கழைத்துச் சோறிடுவோம். எப்பொழுது உறங்கினாய் என்று வினவுவோம்.

லோகாண்டேயும் பெரம்பூர்த் தொழிலாளரும் ஆலையின் சங்கை ஊதச் செய்தனர். நம் வீட்டுச் சங்கை நாமே ஊதுதல் வேண்டும்.