வின்செஸ்டர் பள்ளியின் நினைவுச் சோலை

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஒருகாலத்தில் அரசர்கள் வீற்றிருந்த வின்செஸ்டர் நகரில், வில்லியம் ஆப் விக்கம் என்னும் மேற்றிராணியார் 1382-இல் ஸ்தாபித்த கல்லூரி, பெயரால் கல்லூரியாயினும், மாணவர்கள் வந்து தங்கிப் பயிலும் பாடசாலையே ஆகும். 1914-இல் மூண்ட மகாயுத்தத்தில் அதன் பழைய மாணவர் 500 பேர் உயிர் துறந்தனர். அந்நாளில் அங்கே ஒருங்கே பயின்றோரின் தொகையே அதனினும் சற்றுக் குறைவு என்பதை நினைக்குங்கால், ஒரு பள்ளிக்கூடம் முழுவதுமே மாண்டதற்கு ஒப்பான அந்த நஷ்டத்தின் பாரம் நெஞ்சை அழுத்துகிறது.

தம் கண்முன் வளர்ந்த பிள்ளைகளின் மரணச் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வந்த தலைமையாசிரியர் மான்டேகு ரெண்டால், யுத்தம் முடிவதற்கு முன்னரே அவர்களுக்குரிய ஞாபகச் சின்னத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். அதற்கு உருவம் கொடுத்தவர், புதுடில்லியில் அரசாங்கச் செயலக மாளிகைகளை நிர்மாணித்த சர் ஹெர்பர்ட் பேக்கர். நடுவே சிலுவை நிற்கும் பசுஞ்சோலையை நாற்புறமும் தூண்வரிசைப் பிராகாரம் சூழ, அதன் சுவர்களில் மாண்டோர் நாமங்கள் பொறிக்கப்பெற்று, 1924 மே மாதத்தில் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இச்சின்னத்தில் நான் மிகவும் போற்றுவது அது அமைந்திருக்கும் ஸ்தானத்தையே. விடுதிகளிலிருந்து வகுப்புகளுக்குச் செல்லும் வழியில் அது அமைந்திருப்பதால், புத்தகங்களைச் சுமந்துகொண்டு விரையும் சிறுவன், தன்னைப் போலவே ஒருநாள் இதே ஊரில் பாடம் கேட்டவர்களின் பெயர்களுக்கு அருகே தினந்தோறும் நடக்கிறான். சுவரை வளைந்து ஓடும் சாசனமோ, முதலில் இறந்தோரின் சேவைக்காகக் கடவுளுக்கு நன்றி கூறி, அவர்களுடைய பக்தியையும் கடமையுணர்ச்சியையும் போற்றிவிட்டு, முடிவில் அவர்களை விட்டு அச்சிறுவனிடமே திரும்பி, சுயநலம் கருதாது தொண்டு செய், மென்மையும் துணிவும் துன்பத்தில் உறுதியும் உடையவனாக இரு என்னும் கருத்துப்பட அவனுக்கு உபதேசம் செய்கிறது. புகழ்ச்சியோடு நின்றுவிடும் கல்வெட்டுகள் பல உண்டு. படிப்பவன்மீது ஒரு கடனைச் சுமத்துவதால் இது அவற்றினும் உயர்ந்தது என்பேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டோர் பெயர்களும் பின்னர் இங்கே சேர்ந்தன. அந்த யுத்த காலத்திலேயே இந்தியாவின் வைஸ்ராயாகப் பதவியேற்ற வேவல் பிரபுவும் இப்பள்ளியின் மாணவரே. 1950-இல் காலமான அவர், இதே பள்ளியின் புராதனப் பிராகாரத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மாண்ட மாணவர்க்குச் சோலை எழுப்ப எண்ணும் பள்ளிகள், அதனை ஒதுக்குப்புறத்தில் வேலியிட்டுப் பூட்டிவிடாமல், பிள்ளைகள் அன்றாடம் நடக்கும் பாதையிலேயே அமைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.