பேயர்ஸ் நவுடே: தன் இனத்தாரை எதிர்த்து நின்ற போதகர்

தென்னாப்பிரிக்க வெள்ளையராகிய ஆஃப்ரிக்கானரிடையே போதகர் பேயர்ஸ் நவுடே (1915–2004) பெருங்குடிப் பிறப்பினர். புரூடர்பாண்ட் எனும் அவ்வினத்தாரின் இரகசியக் கழகத்தை நிறுவியோருள் அவர் தந்தையும் ஒருவர். 1940இல் மகனும் அதில் சேர்ந்தார்.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கறுப்பின மக்கள் 69 பேர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் காட்டெஸ்லோவில் கூடிய திருச்சபைகள், நிறத்தின் பொருட்டு எந்த விசுவாசியையும் எச்சபையினின்றும் விலக்கலாகாது என்றன. நவுடேயின் டச்சு சீர்திருத்தச் சபையோ இதைத் தள்ளிவிட்டது, அவர் பின்வாங்கவில்லை. பல இனத்தாரையும் இணைத்த கிறிஸ்தவ நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை 1963இல் ஏற்கையில், போதக ஊழியத்தையும் தொடரச் சபை இசையவில்லை. செப்டம்பர் 22 அன்று அப்போஸ்தலர் 5:29ஐ ஆதாரமாகக் கொண்டு பிரசங்கித்து, ஜோகன்னஸ்பர்க் சபையாரிடம் தம் முடிவை அறிவித்தார். இனத்துரோகி என்ற பெயரும் கிடைத்தது.

1977இல் அரசு நிறுவனத்தைத் தடைசெய்து அவரையும் கட்டுப்படுத்தியது. ஏழாண்டுகள், ஒரே வேளையில் ஒருவருக்கு மேற்பட்டோரைச் சந்திக்க அவருக்கு அனுமதியில்லை. பிரசங்கிக்கு இதனினும் கொடிய தண்டனை உண்டோ? ஆயினும் அக்காலத்திலேயே, 1980இல், வெள்ளையர் சபையை விட்டுக் கறுப்பினத்தாரின் சீர்திருத்தச் சபையில் அங்கத்தினரானார். மேடையில் நிகழ்த்திய பிரசங்கங்களினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அவரது அஸ்தி, அவர் ஆராதித்து வந்த கறுப்பின மக்களின் குடியிருப்பாகிய அலெக்சாந்திராவில் தூவப்பட்டது.