இலச்சினையை வாசித்தல்: பங்க் இசைக்குழுக்களின் காட்சி அடையாளமும் கெடாத் தமிழிளைஞரும்

முன்னுரை

கெடாவின் பழம்பெயரான கடாரத்தைக் குறிப்பிடும் ஆவணங்களுள் ஆனைமங்கலச் செப்பேடு சிறப்பிடம் பெறுவது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் அளித்த கொடையை அது கூறுகிறது. அதன் ஏடுகளைக் கோத்த வளையத்தில் சோழரின் முத்திரை உள்ளது. புலியோடு பாண்டியரின் கயலும் சேரரின் வில்லும் அதில் ஒருங்கே இடம்பெறுகின்றன. தோற்றவரின் சின்னத்தை வென்றவன் தன் சின்னத்துள் அடக்கிக்கொண்டான் என்பதை அம்முத்திரை சொல்லின்றியே உணர்த்துகிறது.

அரசர் பொறிகளை இவ்வாறு வாசிக்கும் பயிற்சி நம் ஆய்வுலகில் நன்கு வளர்ந்துள்ளது. ஆயின், நம் மாணவர் தம் சட்டைகளில் அணிந்துவரும் சின்னங்களை நாம் வாசிப்பதில்லை. பெரும்பாலும் கண்டிக்கிறோம், அல்லது காணாதவர்போல் கடந்துவிடுகிறோம். 1970களில் எழுந்த பங்க் இசைக்குழுக்கள் தமக்கென இலச்சினை அமைத்துக்கொண்ட முறையை வரலாற்று நோக்கில் கண்டு, அது அலோர் ஸ்டார் முதல் கூலிம் வரையிலான நம் சூழலுக்கு உணர்த்துவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பங்க் இலச்சினையின் தோற்றம்

1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருப்பெற்ற பங்க் இசை, தேர்ந்த பயிற்சியும் பெருமுதலும் இல்லாதவரும் குழு அமைக்கலாம் என்னும் கொள்கையை உடையது. இசைக்குப் பொருந்திய இக்கொள்கை ஓவியத்துக்கும் பொருந்திற்று. கத்தரிக்கோல், பசை, பழைய நாளிதழ், நகலெடுக்கும் இயந்திரம் ஆகியவையே அவர்களது அச்சுக்கூடம்.

ராமோன்ஸ் குழுவின் இலச்சினையை மெக்சிகோவில் பிறந்த ஓவியர் அர்டுரோ வேகா அமைத்தார். அமெரிக்க அதிபரின் முத்திரையே அதற்கு மூலம். கழுகின் கால்களில் ஒலிவக் கிளைக்கு மாற்றாக ஆப்பிள் கிளையும், அம்புகளுக்கு மாற்றாகப் பேஸ்பால் மட்டையும் இடம்பெற்றன. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்கு ஜேமி ரீட் அமைத்த காட்சி அடையாளம் நாளிதழிலிருந்து கத்தரித்த ஒவ்வா எழுத்துகளால் ஆனது. 1977இல், எலிசபெத் அரசியாரின் வெள்ளி விழா ஆண்டில், அரசியாரின் படத்தில் கண்களையும் வாயையும் அவ்வெழுத்துகளால் அவர் மறைத்தார். சோழர் முத்திரையில் ஆள்வோன் பிறர் சின்னத்தைக் கொண்டான். இங்கோ ஆளப்படுவோர் ஆள்வோரின் சின்னத்தைக் கொண்டனர். செயல் ஒன்றே, திசைதான் மாறியது.

கலிபோர்னியாவின் பிளாக் பிளாக் குழுவின் இலச்சினை மேலும் எளிமையானது. கித்தார்க் கலைஞர் கிரெக் ஜின்னின் தம்பி ரேமண்ட் பெட்டிபோன் வரைந்த அது, மேலும் கீழுமாக நிற்கும் நான்கு கறுப்புப் பட்டைகளே. அசையும் கொடியின் தோற்றத்தை அவை தருகின்றன. வெள்ளைக்கொடி பணிதலைக் குறிப்பதால் கறுப்புக்கொடி பணியாமையைக் குறிக்கும் என்பதும், அரசற்ற சமுதாயம் வேண்டுவோரின் கொடி அது என்பதும் அதன் பொருள். குழுவின் பெயரைப் பொறிக்காமலேயே நான்கு கோடுகள் பெயராகிவிட்டன. சுவரில் அதை வரைய ஒருவருக்குச் சில நொடிகள் போதும்.

இங்கிலாந்தின் கிராஸ் குழுவின் சின்னம் வேறொரு வழியில் பிறந்தது. டேவ் கிங் 1977இல் அதை வடிவமைத்தது குழுவுக்காக அன்று. பென்னி ரிம்போ எழுதிய சமயத் திறனாய்வு நூலொன்றுக்காக. சிலுவையும், தன்னையே விழுங்கும் பாம்பும், பிரித்தானியக் கொடியின் சாயலும் வட்டத்துள் ஒன்றாயின. பின்னர்க் குழுவினர் அட்டையை வெட்டி அச்சுத்தகடு செய்து, லண்டன் சுரங்க இரயில் நிலையங்களின் சுவர்களில் தெளிப்புச் சாயத்தால் தம் வாசகங்களைப் பதித்தனர்.

இந்நான்கையும் ஒப்புநோக்கின் ஒரு பொதுவிதி புலனாகிறது. பங்க் இலச்சினை அறிந்ததொரு வடிவிலிருந்தோ எளியதொரு கோட்டிலிருந்தோ தொடங்குகிறது; மலிவான கருவியால் செய்யப்படுகிறது; கேட்போரின் கையாலேயே மீண்டும் வரையப்படக்கூடியதாக அமைகிறது. மூன்றாவது கூறே தலையாயது. வணிக நிறுவனத்தின் இலச்சினையைப் பிறர் வரைவது சட்ட மீறல். பங்க் இலச்சினையைப் பிறர் வரைவதே அதன் வாழ்வு.

தமிழ்க் கை

இவ்வரலாற்றில் தமிழரின் பங்கும் உண்டு. 1975இல் லண்டனில் பிறந்து, இளமையை இலங்கையிலும் தமிழகத்திலும் கழித்து, 1986இல் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடகியாக அறியப்படுமுன் அவர் ஓவியக் கல்லூரி மாணவி. பங்க் வழிவந்த எலாஸ்டிகா குழுவின் தலைவி ஜஸ்டின் பிரிஷ்மன் வேண்டியதற்கிணங்க, 2000இல் வெளியான அக்குழுவின் இரண்டாம் இசைத்தொகுப்புக்கு மாயாவே முகப்போவியம் அமைத்தார். அடுத்த ஆண்டு அவர் காட்சிக்கு வைத்த படைப்புகளில் புலியும் பனையொத்த மரங்களும் போர்க்காட்சிகளும் வெட்டு அட்டையும் தெளிப்புச் சாயமும் கொண்டு பதிக்கப்பட்டிருந்தன. கிராஸ் குழு சுவர்களில் கையாண்ட கருவி ஈழப்போரின் காட்சிகளைத் தாங்கியது. தந்தையின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட 'அருளர்' 2005இல் வெளிவந்தபோது அப்புலி கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. அவரது நிலைப்பாட்டை ஆதரிப்பதும் மறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு சின்னம் அதன் வரலாற்றை அறியாதாரிடம் செல்லும்போது என்ன ஆகிறது என்பதே நாம் கருதவேண்டியது.

மலேசியாவும் கெடாவும்

மலேசியாவில் பங்க், 'பங்ரோக்' எனப் பேச்சுவழக்கில் வேரூன்றியது. ஜோ கிட் நடத்திய 'ஏடிஸ்' என்னும் கைப்பிரதி இதழும், கோலாலம்பூரில் 1991இல் உருவான கார்பரேட்டர் டங் குழுவும் முன்னோடிகள். சபாவின் ரானாவ் பகுதியில் 2010இல் தோன்றிய பங்ரோக் சூலாப் குழுவினர், இந்தோனேசியாவின் மார்ஜினால் பங்க் குழுவினரிடம் மரச்செதுக்கு அச்சுக்கலையைக் கற்று, ஊர்மக்களின் வாழ்வைத் துணியில் பதித்துவருகின்றனர்.

கெடா இவ்வரலாற்றில் இடம்பெறுவது கசப்பானதொரு காரணத்தால். 2001இல் 'பிளாக் மெட்டல்' இசை குறித்த அச்சம் இம்மாநிலத்தில் மூண்டு நாடெங்கும் பரவியது. பள்ளி மாணவர் சோதனைக்குள்ளாயினர். கறுப்புச் சட்டையும் அதன் மேலிருந்த குறிகளும் ஐயத்துக்குரிய தடயங்களாயின. 2005 டிசம்பர் 31ஆம் நாளிரவு கோலாலம்பூரின் இசையரங்கு ஒன்றில் 300க்கும் மேற்பட்டோர் தடுத்துவைக்கப்பட்டனர். பங்க், மெட்டல் ஆகியவற்றிடையே உள்ள வேறுபாட்டை அறிந்தோர் அந்நாளில் அதிகாரத்தில் மிகச் சிலரே.

தமிழிளைஞருக்கு இச்சிக்கல் மேலும் நெருக்கமானது. தோட்டங்களிலும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரோரக் குடியிருப்புகளிலும் உருவான உருமி மேளக் குழுக்கள் தத்தமக்குப் பெயரும் சின்னமும் ஒரே நிறச் சட்டையும் வைத்துள்ளன. சுங்கை பட்டாணித் தைப்பூசத்தில் காவடிகளுக்குமுன் செல்லும் இக்குழுக்களை நாம் யாவரும் கண்டுள்ளோம். இவை பங்க் குழுக்கள் அல்ல. எனினும் தம் கையால் தமக்கு அடையாளம் அமைத்துக்கொள்ளும் முறையில் அவற்றுக்கு உறவுடையவை. மறுபுறம், 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் குழுக்களின் பட்டியலில் பல எண்களால் அறியப்படுபவை. எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று கற்பிக்கும் ஆசிரியர், ஒரு சட்டையிலுள்ள எண் குண்டர் கும்பலுடையதா, அதிலுள்ள எழுத்து மேளக்குழுவுடையதா எனப் பிரித்தறியாவிடில், இழப்பு மாணவனுக்கே.

தமிழெழுத்தும் இலச்சினையும்

இளைஞர் தமிழெழுத்தில் சின்னம் அமைக்கையில் எதிர்கொள்ளும் சிக்கல்கள் நம் துறைக்கு உரியவை. ஜேமி ரீட்டின் முறையில் நாளிதழ் எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டுவது உரோமன் எழுத்துக்கு எளிது. அங்கு ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்கும். தமிழில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகும். அவற்றின் அளவு ஒவ்வாவிடில் வாசிப்பு குலையும். வெட்டு அட்டையிலோ டகர பகரங்கள் எளிதில் அமையும். ககரத்தின் மூடிய வளைவு, பாலம்போல் ஒரு பட்டை விடாவிடில் கழன்று விழும்.

புள்ளி வேறொரு சிக்கல். நகலுக்கு நகல் எடுக்குந்தோறும் சிறுபுள்ளி மங்கி, 'மண்' என்பது 'மண' ஆகிவிடும். இதைக் குறையென ஒதுக்க வேண்டியதில்லை. பழங்கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை; இடமறிந்து வாசித்தனர். புள்ளியை விட்டெழுதும் இளைஞன் அறியாமலேயே ஒரு நெடுமரபைத் தொடுகிறான். அதை அவனுக்கு எடுத்துரைக்கும் கடமை நம்முடையது.

முடிவுரை

இலச்சினை என்பது அணிகலன் மட்டுமன்று. செய்தவரின் வசதி, கருவி, எதிர்ப்பு, பெருமிதம் ஆகியவற்றைத் தாங்கிய ஆவணம். அரசர் முத்திரை செம்பில் இருந்தமையால் எஞ்சியது. இளைஞரின் முத்திரை பருத்தியிலும் நகல்தாளிலும் இருப்பதால், பத்தாண்டுகூட எஞ்சுவதில்லை. ஆகவே கெடாவின் இசைக்குழுக்கள், மேளக்குழுக்கள் ஆகியவற்றின் சட்டை, பதாகை, துண்டறிக்கை முதலியவற்றை, அமைத்தோரின் இசைவோடு, ஆண்டு, கருவி, எழுத்துமுறை ஆகிய குறிப்புகளுடன் தொகுத்தல் இந்தியவியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கி, மாணவரைத் தம் குழுவின் சின்னத்தைத் தாமே விளக்கி எழுதச் செய்யலாம். வாசிக்கத் தெரியாத சின்னம் அச்சத்தை விளைக்கும் என்பதற்கு 2001ஆம் ஆண்டே சான்று. கடாரக் கொடையின் முத்திரையில் மூன்று பொறிகளையும் பிரித்தறியும் நமக்கு, அதே கடாரத்து இளைஞனின் சட்டையிலுள்ள ஒரு பொறியை வாசித்தல் அரிதன்று.