கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும்



வகுப்பில் ஒரு தீவை வரையச் சொல்லிப் பாருங்கள். தென்னை மரமும் வெள்ளை மணலும்தான் வரும். லங்காவியைத் தெரிந்த பிள்ளைகள் வேறு எதை வரைவார்கள்? அடுத்த பாடத்தில், மரமே வளராத ஒரு தீவின் வரலாற்றைச் சொல்லுங்களேன்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கிறது செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். மக்கள் வாழ்ந்தது ஹிர்ட்டா என்ற தீவில். அக்கம்பக்கத்துத் தீவுக்குப் போவதென்றாலே சுமார் 64 கிலோமீட்டர் கடல் கடக்க வேண்டும். உப்புக்காற்று ஓயாமல் வீசும். கடல் கொந்தளிப்பதால் மீன்பிடித் தொழிலையும் நம்ப முடியாது.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கு? கடற்பறவைகள்தான்! கேனட், ஃபுல்மர், பஃபின் ஆகிய பறவைகள் அங்குள்ள செங்குத்தான பாறைகளில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். ஆண்கள் கயிறு கட்டி இறங்கி, பறவைகளையும் முட்டைகளையும் கொண்டு வருவார்கள். இறைச்சி உணவு. ஃபுல்மரின் எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும். இறகு நிலக்கிழாருக்கு வாடகை. எதுவும் வீணாகாது.

குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டாமா? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 'கிளீட்' எனப்படும் சிறு கல்குடில்களைக் கட்டினார்கள். கற்களின் இடுக்கு வழியே காற்று புகுந்து இறைச்சியை உலர்த்தும்; புல்மண் கூரை மழையைத் தடுக்கும். தொல்லை தந்த காற்றையே வேலைக்காரனாக்கிவிட்டார்கள், பாருங்கள்! ஹிர்ட்டாவில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட கிளீட்கள் இருக்கின்றன.

காலையில் ஆண்கள் தெருவில் கூடி, அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் யாருமில்லை. பிடித்த பறவைகளைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள்.

இப்படி வாழ்ந்தவர்கள் ஏன் தீவை விட்டுப் போனார்கள்? "காற்றும் குளிரும் தாங்கவில்லை" என்று மாணவர்கள் உடனே சொல்வார்கள். அங்கேதான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். 1697இல் மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் அங்கு போனபோது சுமார் 180 பேர் வாழ்ந்தார்கள். அப்போதும் அதே காற்று, அதே குளிர்தானே?

மாறியது ஆள்களின் எண்ணிக்கை. பெரியம்மை பலரைக் கொண்டுபோனது. பிறந்த குழந்தைகள் இசிவு நோயால் இறந்தன. 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு, வெளியுலகத்தைத் தெரிந்துகொண்ட இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

பாறையில் ஒருவர் இறங்கினால், மேலே கயிற்றைப் பிடிக்க வேறு ஆள் வேண்டும். படகைக் கரையேற்றப் பல கைகள் வேண்டும். கைகள் குறைந்தால், எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை. 1930 மே மாதம் தீவு மக்கள் அரசாங்கத்துக்கு அனுப்பிய மனுவிலும் இதைத்தான் சொன்னார்கள்: இன்னும் சில ஆண்கள் போய்விட்டால், மீதியுள்ளவர்களால் வேலைகளைச் சமாளிக்க முடியாது.

1930 ஆகஸ்ட் 29. எஞ்சியிருந்த 36 பேரும் 'ஹேர்பெல்' என்ற கப்பலில் ஏறினார்கள். வீடுகளில் திறந்த பைபிளையும் கொஞ்சம் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுப் போனார்களாம். மரமே இல்லாத ஊரிலிருந்து வந்த ஆண்களுக்கு அரசாங்கம் கொடுத்த வேலை என்ன தெரியுமா? காடு வளர்ப்பு!

அவர்கள் போன பிறகு, வீடுகளில் மனிதரை அண்டி வாழ்ந்த ஒரு சுண்டெலி வகை சில ஆண்டுகளிலேயே அழிந்துபோனது. பறவைகள் மட்டும் இன்றும் இருக்கின்றன. யுனெஸ்கோ 1986இல் இயற்கைக்காகவும், 2005இல் அங்கு வாழ்ந்த மக்களின் பண்பாட்டுக்காகவும் செயின்ட் கில்டாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பாடத்தை முடிக்கும்போது மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஓர் ஊர் நிலைத்திருக்க குறைந்தது எத்தனை பேர் வேண்டும், ஏன்? எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது. யார் யார், எந்த எந்த வேலைக்கு என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். கயிற்றைப் பிடிப்பவரை எத்தனை பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம்.