கப்பலும் பள்ளிக்கூடமும்

எண்ணூர்க் கடற்கரையில் மாலை வேளையில் நின்று கிழக்கே நோக்கினால், துறைமுகத்தில் தமக்குரிய இடம் கிடைக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களைக் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன், அந்தக் கரையில், என்னிடம் முன்பு வரலாறு பயின்ற ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். அவர் சரக்குக் கப்பல் ஒன்றில் பொறியாளர். அத்தகைய கப்பல்களில் அதிகாரிகள் தம் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல நிறுவனங்கள் சிலவேளை இசைவு தருவதுண்டு. அவருக்கும் அவ்விசைவு கிட்டியிருந்தது. மகளுக்கு வயது பத்து. ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பயணமோ ஆகஸ்டு முதல் நவம்பர் வரை. பள்ளி முழுமூச்சாக நடைபெறும் காலம் அது.

“ஐயா, நான்கு மாதம் பள்ளியை விட்டுவிட்டுக் குழந்தையைக் கடலுக்கு அழைத்துப் போவது நன்மையா, தீமையா? நான் நன்மை என்கிறேன். இவள் தீமை என்கிறாள். நீங்களே சொல்லுங்கள்” என்றார். அருகில் நின்ற அவர் மனைவி, “கப்பலில் இவர் வேலையைப் பார்ப்பாரா, பிள்ளைக்குப் பாடம் சொல்வாரா, அதையும் கேளுங்கள் ஐயா” என்றார்.

வினா சிறியதாகத் தோன்றியது. விடையோ எளிதில் வரவில்லை. அன்றிரவு, நம் நாட்டுப் பிள்ளைகள் கப்பலேறிய கதைகளை எண்ணிப் பார்த்தேன். அவ்வாறு எண்ணியவற்றையே, மாணவ நண்பர்களே, இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் முதலில் பயின்ற நூல்களுள் ஒன்று ஔவையாரின் கொன்றை வேந்தன். கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுமாறு அறிவுறுத்தும் அந்த நூலே, கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசவும் செய்கிறது. இரண்டு அறிவுரைகளும் ஒரே ஏட்டில் அருகருகே அமைதியாக இருக்கின்றன. ஆனால், வாழ்க்கையில் கடல் ஒருபுறமும் கல்வி ஒருபுறமும் பிள்ளையை இழுத்த காலங்கள் பல.

அவற்றுள் துயரம் மிக்கது 1860ஆம் ஆண்டில் தொடங்கிய கதை. ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் அவ்வாண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நெட்டால் நாட்டுக்குப் புறப்பட்டது. சென்னையில் அன்று துறைமுகம் இல்லை. அதைக் கட்டும் பணி 1870களில்தான் தொடங்கியது. கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைக் கடந்துதான் மக்கள் அவற்றை அடைய வேண்டும். அப்படி ஏறியவர்களுள் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். ஒரு மாதத்திற்கும் மேலாகக் கடலில் கழித்து, நவம்பர் 16ஆம் நாள் அவர்கள் டர்பன் துறையை அடைந்தனர்.

நெட்டாலுக்குச் சென்றவர்களின் பதிவேடுகள் இன்றும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்கும் பத்தி ஒன்று அவற்றில் இல்லை. பிள்ளைக்கும் எண் இட்டார்கள். எழுத்தைப் பற்றி வினவவில்லை. நீண்ட கடற்பயணம் மட்டுமே அறிவைத் தருமாயின், அந்தப் பிள்ளைகளன்றோ நம் நாட்டின் பேரறிஞர்களாகி இருக்க வேண்டும்? அவர்களும் கடலைக் கண்டார்கள், விண்மீன்களைக் கண்டார்கள், புதிய கண்டத்தையே கண்டார்கள். பயணத்தின் முடிவில் அவர்களுக்காகக் காத்திருந்தது கரும்புத் தோட்டமே அன்றிப் பள்ளிக்கூடம் அன்று.

மலேயாவுக்குச் சென்ற பிள்ளைகளின் கதை இதற்குச் சற்று மாறுபட்டது. ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரை உங்கள் தாத்தா பாட்டியர் சிலர் அறிந்திருக்கக்கூடும். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களே அதில் மிகப் பெரும்பாலோர். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை ஓராண்டு தாய்நாட்டிலும் மறு ஆண்டு ரப்பர்த் தோட்டத்திலும் இருக்க நேர்ந்தால், அதன் படிப்பு இரண்டு கரைகளுக்கும் நடுவே மிதக்கும்.

இக்குறையைப் போக்க ஒரு வழி பிறந்தது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் முதலாளி பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் மலேயத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொடக்கத்தில் அவை பள்ளி என்ற பெயருக்கே தகுதியற்ற கொட்டகைகளாக இருந்தன. கங்காணியோ கணக்குப்பிள்ளையோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியராக அமர்வதும் உண்டு. எனினும் பிள்ளைகள் ஒருங்கே அமர ஓரிடம் கிடைத்தது. அந்தக் கொட்டகைகளின் வழிவந்தவையே இன்று மலேசியாவில் உள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளுள் பல. பிள்ளை கடல் கடந்தபோது பள்ளியும் பின்னாலேயே கடல் கடந்து சென்றது எனலாம். ரஜூலாவுக்குப் பின் ‘சிதம்பரம்’ என்ற கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் ஏற்பட்ட தீயோடு அப்பயணங்களும் முடிவுற்றன. பள்ளிகள் மட்டும் நிலைத்தன.

இனி, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒன்றின் வரலாற்றைக் காண்போம். 1926 மார்ச்சில் ஜவாஹர்லால் நேரு, நோயுற்ற தம் மனைவி கமலாவின் மருத்துவத்தை முன்னிட்டு, எட்டு வயது மகள் இந்திராவையும் உடன்கொண்டு பம்பாயிலிருந்து கப்பலேறினார். சிறுமி ஜெனீவாவில் பள்ளிக்குச் சென்றாள். 1927 டிசம்பரில் குடும்பம் மார்செய்ல்ஸிலிருந்து கடல் வழியாகக் கொழும்புக்கு வந்து, அவ்வாண்டு நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டித் தாயகம் திரும்பியது. அதன் பின்னும் அச்சிறுமியின் படிப்பு ஒரே பள்ளியில் நிலைக்கவில்லை. அலகாபாத், பூனா, சாந்திநிகேதன், இங்கிலாந்து என்று ஊர் ஊராக மாறியது. ஆக்ஸ்போர்டில் சேர்ந்தும் பட்டம் பெறாமலே அவர் திரும்ப நேர்ந்தது.

ஆயினும் அவருக்கு ஒரு பேறு வாய்த்தது. தந்தையே ஆசிரியரானார். 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்டு வரை நேரு எழுதிய 196 கடிதங்கள் உலக வரலாற்று நூலாகத் திரண்டதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை சிறையில் எழுதப்பட்டவை. ஆனால், 1931 ஏப்ரலில் குடும்பத்துடன் இலங்கைக்குச் செல்லும்போது, ‘கிராக்கோவியா’ என்ற கப்பலில் அமர்ந்தும் அவர் எழுதினார். மகள் அதே கப்பலில் இருக்க, தந்தை அவளுக்குக் கடிதம் எழுதுகிறார்! இது விந்தையாகத் தோன்றலாம். விடுதலைப் போரில் சிறைக்கும் வீட்டுக்கும் இடையே அலைந்த அத்தந்தை, ஊர் மாறினாலும் பாடம் மாறாது தொடர வேண்டும் என்று கருதினார் போலும்!

கல்லூரி மாணவர்களுக்கு உகந்த சான்று மற்றொன்றும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று தேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. அந்தக் கடற்பயணத்தின் ஓய்வில்தான், விண்மீனின் இறுதி நிலையைப் பற்றிய கணக்கை அவர் போடத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கும் எல்லை அதிலிருந்து பிறந்தது. 1983இல் நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது. கடல் அவருக்குக் கணிதம் கற்பிக்கவில்லை. சென்னையில் கற்ற கணிதத்தை உடன் எடுத்துச் சென்றார்; கடல் அமைதியை மட்டும் தந்தது. கையில் கொண்டு போவதைக் கடற்பயணம் வளர்க்கும்; வெறுங்கையோடு போனவனை வெறுங்கையோடே இறக்கிவிடும்.

இவற்றையெல்லாம் எண்ணிய பின், மறுநாள் அவ்விருவருக்கும் என் விடையைக் கூறினேன். “அழைத்துச் செல்லுங்கள், ஆனால் மூன்று கட்டுப்பாடுகள். நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். தந்தை இயந்திர அறையில் இருக்கும் நாளில் தாய் அதை நடத்த வேண்டும். குழந்தை தான் கண்டதை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். திரும்பியவுடன் தன் பழைய வகுப்பிலேயே தன் தோழியரோடு அமர வேண்டும், அதற்குப் பள்ளியின் இசைவை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள்” என்றேன். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், படிப்பு இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்று கூறுவதையும் எடுத்துரைத்தேன்.

சிறுமி சென்றாள், டிசம்பரில் திரும்பினாள், நோட்டோடு என்னைக் காண வந்தாள். ஒவ்வொரு நண்பகலிலும் கப்பல் நின்ற இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. அவள் ஒரு வினாவும் கொண்டு வந்திருந்தாள். பூமி ஒரு மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. அந்தக் கணக்கின்படி சிங்கப்பூரின் நேரம் நம் நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மணி முந்தியிருக்க வேண்டும். ஆனால் அங்குள்ள கடிகாரம் இரண்டரை மணி முந்திக் காட்டுகிறதே, ஏன் என்று கேட்டாள். சூரியன் காட்டும் நேரம் வேறு, அரசு வகுக்கும் நேரம் வேறு என்பதையும், 1982இல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டதையும் சொன்னேன். இத்தகைய வினாவை என் வகுப்பில் அமர்ந்து எந்த மாணவரும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இழப்பும் இல்லாமல் இல்லை. வகுப்பில் பின்னங்கள் முடிந்து தசமங்கள் நடந்துகொண்டிருந்தன. அவற்றை எட்டிப் பிடிக்க அவளுக்குப் பொங்கல் வரை ஆயிற்று. அதனினும் பெரிய இழப்பை அவளே சொன்னாள். “தாத்தா, கப்பலில் எல்லாம் இருந்தது. வேறு குழந்தைதான் ஒருவருமே இல்லை” என்றாள்.

நான் விதித்த மூன்று கட்டுப்பாடுகளாலும் தீராத குறை அது. பாடத்தைக் கப்பலில் ஏற்றலாம். வகுப்பை ஏற்ற முடியாது. கல்வி என்பது ஆசிரியர் தருவது பாதி; உடன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தருவது மறுபாதி. விட்டுக்கொடுத்தல், வாதிடுதல், தோற்றபின் சிரித்தல் ஆகியவற்றைத் தனியே அமர்ந்து எவரும் கற்றுக்கொள்வதில்லை. தோட்டத்துக் கொட்டகை குறையுடையதாயினும் மலேயத் தமிழ்ப் பிள்ளைக்குக் கொடுத்த செல்வம் இதுவே. நேருவின் ஒப்பற்ற கடிதங்களாலும் அவர் மகளுக்குக் கொடுக்க இயலாமற்போன செல்வமும் இதுவே.

எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. 2014இல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் சூட்டினர். தாமே பள்ளிப் படிப்பை இளமையில் கைவிட நேர்ந்த அப்பெருந்தலைவர், தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் செய்தார். அத்திட்டம் பிள்ளைகளின் பசியைப் போக்கியதோடு நிற்கவில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமரச் செய்தது. கப்பல்கள் வந்து செல்லும் துறை ஒன்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தவரின் பெயரைத் தாங்கி நிற்பது பொருத்தமே அன்றோ?

இன்று அதே வினாவை எவரேனும் என்னிடம் கேட்டால், முன்பு சொன்னதோடு ஒன்றைக் கூட்டிச் சொல்வேன். பயணம் குறுகியதாக இருக்கட்டும். கூடுமானால் கோடை விடுமுறையை ஒட்டி அமையட்டும். கடலைப் பார்க்கும் வாய்ப்பை எந்தப் பிள்ளைக்கும் மறுக்க வேண்டா. ஆனால், திரும்பி வந்து, தான் கண்ட கடலைத் தன் தோழர்களிடம் சொல்லும் வாய்ப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தச் சிறுமி தன் நோட்டைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று வகுப்பில் படித்துக் காட்டினாளாம். அவளுடைய பயணம் அன்றுதான் நிறைவுற்றது என்பது என் கருத்து.