கமலாபுரம் ஓடுதளமும் பொறியாளரின் கையெழுத்தும்: சேலம் விமான சேவையில் பராமரிப்புச் செலவு, 1993–2023

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் 1993-ல் திறக்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளும் அங்கே சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே கழிந்தன. பயணிகள் போதவில்லை என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மலிவுக் கட்டணத்தில் குறுந்தூரம் பறக்கும் விமானத்தின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பது தீராமலே இருந்தது மறுபாதி.

விமானத்தில் சில பாகங்களின் ஆயுள் பறந்த மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. சக்கரத் தொகுதிக்கும் உடற்கூட்டுக்கும் எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே முக்கியக் கணக்கு. சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில் சேலத்தில் இறங்கினாலும், இரண்டரை மணி நேரம் பறந்து டெல்லியில் இறங்கினாலும் ஒருமுறை ஏறி இறங்கியது ஒரு சுற்றுதான். 1988-ல் ஹவாய் தீவுகளுக்கிடையே நடுவானில் கூரை பிய்ந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 பறந்தது சுமார் 35,500 மணி நேரம். ஏறி இறங்கியதோ 89,000 முறைக்கு மேல். கமலாபுரத்தின் ஓடுதளமும் சுமார் 1,800 மீட்டர்தான்; அதற்குள் நிற்க பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இறங்கிய விமானத்தின் பிரேக்கில் துருத்தி நிற்கும் சிறு ஊசியைப் பொறியாளர் குனிந்து பார்ப்பார். அது உள்வாங்கி மட்டமாகிவிட்டால் பிரேக்கை மாற்றியே ஆக வேண்டும். அன்று எத்தனை டிக்கெட் விற்றது என்பதற்கு அங்கே இடமில்லை.

எட்டு ஆண்டு தாண்டிய லாரிக்கு ஆண்டுக்கொரு முறை தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்கிப் பழகியவர்கள் நாமக்கல், சங்ககிரிக்காரர்கள். விமானத்துக்கோ பழுது பார்த்த ஒவ்வொரு முறையும் உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட வேண்டும். எல்லாக் குறைக்கும் விமானத்தை நிறுத்திவிடுவதில்லை. எந்தக் குறையோடு பறக்கலாம், அதை 3 நாளிலா, 10 நாளிலா, 120 நாளிலா சரிசெய்ய வேண்டும் என்று அனுமதிக்கப்பட்ட பட்டியல் உண்டு. செலவும் பாதுகாப்பும் சட்டப்படி சமரசம் செய்துகொள்ளும் இடம் இதுதான். கெடுவை மீறினால் விமானம் தரையில்தான்.

2009-ல் சேலத்துக்கு வந்த கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2011-ல் விலகியது. மறு ஆண்டு அந்நிறுவனம் பல மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்தது. செப்டம்பர் இறுதியில் பொறியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் 1-ல் விமானங்கள் நின்றன. சான்றளிக்க ஆளில்லாத விமானம் பறக்க முடியாது. அக்டோபர் 20-ல் அந்நிறுவனத்தின் உரிமமும் இடைநிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய மாதங்களை நினைத்தால்தான் மனம் பதறுகிறது: வீட்டு வாடகைக்கு வழி தெரியாத மனிதர்கள் நூற்றுக்கணக்கான உயிர்களுக்குக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிறு நகரங்களுக்கும் விமான சேவை தர 2016-ல் வந்த மத்திய அரசின் உடான் திட்டம், பாதி இருக்கைகளுக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்கு ரூ.2,500 என்று உச்சவரம்பு விதித்து, மூன்றாண்டு மானியமும் தந்தது. அதன்படி 2018 மார்ச் 25-ல் ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானம் சேலத்தில் இறங்கியது. 2021-ல் சேவை நின்றது. 2022 தொடக்கத்தில் அந்நிறுவனமே முடங்கியது. கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க முடிந்தது. உதிரிபாகத்தின் விலைக்கு வைக்க முடியவில்லை. பராமரிப்புப் பணிக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததே 2020 ஏப்ரலில்தான்.

2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ விமானங்களோடு கமலாபுரம் மீண்டும் உயிர்பெற்றது. இம்முறையாவது மானிய ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கும் பொறியாளர் சம்பளத்துக்கும் உரிய தொகையைத் தனியே ஒதுக்கி, வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது என்று அரசு விதிக்க வேண்டும்.