மேக்கில் விண்டோஸ் மென்பொருள் ஓடுமா? காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆசைப்பட்டு இஎம்ஐ போட்டு மேக்புக் வாங்கிவிட்டீர்கள். அடுத்த வாரமே, விண்டோஸில் மட்டும் ஓடும் டேலி போன்ற ஒரு மென்பொருள் வேலைக்குத் தேவைப்படுகிறது. இப்போ என்ன பண்றது? வழிகள் இருக்கின்றன. எது சரிவரும் என்பது உங்கள் மேக்கையும் அந்த மென்பொருளையும் பொறுத்தது.

உங்கள் மேக்கில் என்ன சிப்?

ஆப்பிள் மெனுவில் 'அபவுட் திஸ் மேக்' போய்ப் பாருங்கள். இன்டெல் என்றால், பூட் கேம்ப் மூலம் விண்டோஸ் 10-ஐ நேரடியாகவே நிறுவலாம். ஆனால், அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. 2020 நவம்பரில் அறிமுகமான எம்1 அல்லது அதற்குப் பிந்தைய ஆப்பிள் சிப் என்றால், பூட் கேம்ப் கிடையாது. பெரும்பாலான விண்டோஸ் மென்பொருள்கள் இன்டெல், ஏஎம்டி சிப்களுக்காக எழுதப்பட்டவை. ஆப்பிள் சிப் ஆர்ம் வகை. நடுவில் ஒரு 'மொழிபெயர்ப்பாளர்' தேவை.

வழி 1: மேக்குக்குள் விண்டோஸ்

பேரலல்ஸ், விஎம்வேர் ஃபியூஷன் போன்ற செயலிகள் மேக்குக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கும். அதில் ஆர்ம் விண்டோஸ் 11 ஓடும். இன்டெல் மென்பொருள்களை அந்த விண்டோஸே மொழிபெயர்த்துக்கொள்ளும். பேரலல்ஸுக்குக் கட்டணம் உண்டு. ஃபியூஷன் 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம். விண்டோஸ் உரிமத்துக்குத் தனிக் காசு. விண்டோஸ் 11-க்கு மட்டும் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். 8 ஜிபி மேக் திணறும்.

வழி 2: விண்டோஸே இல்லாமல்

1993-ல் தொடங்கிய 'வைன்' என்ற இலவச மென்பொருள், விண்டோஸ் கட்டளைகளை மற்ற இயங்குதளங்களுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. அதன் அடிப்படையில் உருவான கட்டணச் செயலி கிராஸ்ஓவர். விண்டோஸ் உரிமம் தேவையில்லை. பல கேம்கள் இதில் ஓடும். ஆனால் எல்லாமே ஓடாது.

எங்கே மாட்டிக்கொள்வீர்கள்?

கேம்களில் ஆன்டி-சீட்தான் பிரச்னை. வேலரன்ட்டின் வேன்கார்ட், மெய்நிகர் கணினியில் விளையாட விடாது. மேக் பதிப்பும் இல்லை.

ஆபீஸ் வேலையில் டிரைவர்தான் சிக்கல். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனுக்குத் தனி டிரைவர் தேவையென்றால், ஆர்ம் விண்டோஸுக்கானது கிடைக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இன்டெல் விண்டோஸ் டிரைவர் அதில் வேலை செய்யாது.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில், உங்களுக்குத் தேவையான மென்பொருளுக்கு மேக் பதிப்போ, பிரவுசர் பதிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஆபீஸில் விண்டோஸ் கணினி இருந்தால், ஐடி பிரிவின் அனுமதியோடு, மைக்ரோசாஃப்டின் 'விண்டோஸ் ஆப்' மூலம் தொலைவிலிருந்தே அதை இயக்கலாம். இரண்டும் இல்லையென்றால், பேரலல்ஸ், கிராஸ்ஓவர் இரண்டுக்குமே இலவச ட்ரையல் உண்டு. அதில் உங்கள் அன்றாட வேலையை ஒருமுறை முழுசா செய்து பாருங்கள். பிரின்ட் எடுப்பது, டோக்கனில் கையெழுத்திடுவது உட்பட. அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

இன்னும் மேக் வாங்கவில்லையா? நாள் முழுக்க விண்டோஸ் மென்பொருளில்தான் வேலை என்றால், விண்டோஸ் லேப்டாப் வாங்குவதே லாபம்.